கழிவுச் சேறும் சுவாலையில்லா நெருப்பும்

உணவு மேசையிலே பேசத் தகாத பொருள்கள் சில உள. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் முதலிடம் பெறுவது. ஆயினும், அந்த உணவு மேசையின் நலமே இப்பொருளைப் பொறுத்து அமைந்துள்ளது. ஆதலால், ஞாயிற்றுக்கிழமை ஓய்விலே இப்பக்கத்தைப் புரட்டும் பெற்றோரும் மாணவரும் மூக்கைச் சுளியாது சிறிது நேரம் நம்முடன் வருவார்களாக.

குளியலறை நீரும் சமையலறை நீரும் மலகூட நீரும் கண்ணுக்கு மறைந்தவுடன் நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுகின்றோம். அழுக்கு அவ்வளவு எளிதில் அழிவதில்லை. அது இடம் மாறுகின்றது. நிலக்கீழ்க் குழாய் அமைந்த நகரங்களில் அது சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைகின்றது. அங்கே நீரையும் அழுக்கையும் வெவ்வேறாகப் பிரிக்கின்றனர். தெளிந்த நீர் ஆற்றுக்கோ கடலுக்கோ போகின்றது. பிரித்தெடுத்த அழுக்கு எங்கே போகின்றது? இக்கேள்வியைக் கேட்போர் சிலரே. அந்த அழுக்குத்தான் கழிவுச் சேறு. கரிய நிறமும் கடும் நாற்றமும் கூழ் போன்ற தன்மையும் உடைய இச்சேற்றை யாது செய்வது என்பதே உலகின் பெருநகரங்களை நூறாண்டுகளுக்கு மேலாக வாட்டிவரும் வினா.

அவ்வினாவுக்கு அண்மைக் காலத்தில் எழுந்த விடைகளுள் ஒன்று, பல வீடுகளின் சமையலறை மூலையில் அமர்ந்து ஆறிய சோற்றைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பிலிருந்து பிறந்தது. சுவாலை இல்லை, புகை இல்லை, விறகும் இல்லை. எனினும் வெப்பம் உண்டு. இந்த நெருப்பினால் கழிவுச் சேற்றின் நஞ்சைப் போக்க முடியுமா? முடியுமெனின் அதற்கு நாம் கொடுக்கவேண்டிய விலை யாது? இவ்விரண்டையும் ஈங்கு ஆராய்வோம்.

சேறு பிறந்த கதை

1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரம் நாற்றத்தால் திணறியது. தேம்ஸ் ஆறே நகரின் சாக்கடையாக இருந்த காலம் அது. பாராளுமன்றத்தின் சாளரங்களிலே சுண்ணாம்பு தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உள்ளே அமர்ந்திருக்க முடியவில்லை. அந்த நாற்றமே சட்டமாக உருவெடுத்தது எனலாம். ஜோசப் பசல்கெற் என்னும் பொறியியலாளர் நகரின் அடியிலே பெருங் குழாய்களை அமைத்துக் கழிவுநீரை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்று விட்டார். நகரம் பிழைத்தது, கீழ்ப்புற ஆறு கெட்டது. பின்னர்க் கழிவுநீரைத் தொட்டிகளிலே தேக்கி, அடியிற் படிந்த சேற்றை 1887ஆம் ஆண்டு முதல் கப்பல்களில் ஏற்றிக் கடலிலே கொட்டினர். இவ்வழக்கம் 1998ஆம் ஆண்டு வரை நீடித்தது என்றால், நூற்றுப் பதினொரு ஆண்டுகள் கடல் அதைத் தாங்கியது என்பது பொருள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. கடலிலே போட்டதற்கும் அளவு வேண்டும் என்று ஐரோப்பியர் உணர ஒரு நூற்றாண்டு சென்றது.

இதற்கிடையே 1914ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரிலே எட்வேட் ஆடன், வில்லியம் லொக்கற் என்னும் இருவர் ஒரு புதுமுறையைக் கண்டனர். அவர்கள் கழிவுநீரைப் போத்தலில் இட்டு அதனுள்ளே காற்றைச் செலுத்தினர். நீர் தெளிய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் பிடித்தன. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியிற் படிந்த சேற்றை எறியாது அப்படியே வைத்து, அதன்மேற் புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றைச் செலுத்தினர். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்தபோது, வாரக் கணக்கிலே நடந்த வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. சேற்றிலே பல்கியிருந்த பற்றீரியாக்களே அந்த வேலையைச் செய்தவை. இம்முறையைத் தூண்டிவிட்ட சேற்று முறை என்று கூறுவர். ஆடனுக்கும் லொக்கற்றுக்கும் வழிகாட்டிய கில்பேட் பௌலர் என்பார் பின்னாளிலே பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பேராசிரியராகப் பணியாற்றினார் என்பது நம் மாணவர் அறியத்தக்க செய்தி.

இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலே இம்முறையே வழக்கில் உள்ளது. இதில் ஒரு விந்தையும் உண்டு. அழுக்கை உண்டு நீரைத் தூயதாக்கும் பற்றீரியாக்கள், உண்ட அழுக்கினாலே தாமும் பெருகுகின்றன. பெருகியவற்றுள் வேண்டிய அளவை நிறுத்திக்கொண்டு மிகுதியை நாள்தோறும் அகற்றவேண்டும். ஆகவே, தூய்மை செய்த வேலையாட்களே முடிவில் அழுக்காகக் குவிகின்றனர். நீரை எவ்வளவு நன்றாகத் தூய்மை செய்கின்றோமோ அவ்வளவுக்குச் சேறும் மிகுகின்றது.

சேற்றினுள் இருப்பவை

நிலையத்திலிருந்து வெளிவரும் சேற்றிலே நூற்றுக்கு 98 அல்லது 99 பங்கு நீரே. எஞ்சிய ஒன்றிரண்டு பங்குதான் திண்பொருள். அவ்வாறாயின் வடிகட்டினாற் போதுமே என்று மாணவர் வினவலாம். அந்த நீர் மணலிடையே நிற்கும் நீரைப் போன்றதன்று. ஒரு பகுதி பற்றீரியாக்களின் உடலுக்குள்ளே அடைபட்டிருக்கின்றது. மற்றொரு பகுதி அவை தம்மைச் சூழச் சுரந்துள்ள பசையிலே ஊறியிருக்கின்றது. பெரிய அழுத்திகளிலும் சுழலும் பொறிகளிலும் இட்டுப் பிழிந்தாலும் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர் எஞ்சியே நிற்கும். சுத்திகரிப்பு நிலையமொன்றை நடத்த ஆகும் செலவிலே சில இடங்களில் ஏறத்தாழப் பாதி இச்சேற்றுக்கே போய்விடுகின்றது.

சேறு முற்றிலும் தீயதன்று. நைதரசனும் பொசுபரசும் அதிலே நிறைந்துள்ளன. இவை பயிரின் உணவு. உழவன் விலைகொடுத்து வாங்கும் பசளையின் சத்துக்கள் நம் உடலின் வழியே சென்று சேற்றிலே தங்குகின்றன. அவற்றை மீண்டும் வயலுக்கே அனுப்புதல் அறிவுடைய செயல். ஆயினும், சத்தோடு கூடவே நோயும் பயணஞ் செய்கின்றது. வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் உண்டாக்கும் பற்றீரியாக்களும் பலவகை வைரசுக்களும் சேற்றில் உள. எல்லாவற்றிலும் பிடிவாதம் மிக்கது வட்டப்புழுவின் முட்டை. கடினமான ஓட்டைப் போர்த்துக்கொண்டுள்ள அம்முட்டை மண்ணிலே ஆண்டுக் கணக்காக உயிரோடு கிடக்கவல்லது. கழுவாத கீரையோடு அது குழந்தையின் வயிற்றை அடையுமாயின் அங்கே பொரித்துப் புழுவாகும்.

கழிவைக் கவனியாது விட்டால் யாது நேரும் என்பதற்கு எயிட்டி நாட்டின் துயரமே சான்று. 2010ஆம் ஆண்டு சனவரியில் அந்நாட்டிலே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வாந்திபேதி பரவத் தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் அமைதிகாக்கும் படையினர் தங்கியிருந்த முகாமொன்றின் அருகேயுள்ள சிற்றாறு மனித மலத்தினால் மாசடைந்தமையே நோய்க்குத் தோற்றுவாய் என்பதை ஆராய்ச்சிகள் காட்டின. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2016ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் எயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கோரினார். பூகம்பத்திலே தப்பிப் பிழைத்தவர்களைக் கழிவு கொன்றது. இத்தகைய இடங்களை மனத்திற் கொண்டே நுண்ணலையை நாம் நோக்குதல் வேண்டும்.

சுவாலையில்லா நெருப்பு

நுண்ணலை என்பது ஒளியையும் வானொலி அலையையும் போன்ற மின்காந்த அலையே. அலைநீளம் ஒரு மீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டவற்றை இப்பெயரால் அழைப்பர். இதனை வலிமையோடு பிறப்பிக்கும் மக்னெற்றோன் என்னும் கருவியை 1940ஆம் ஆண்டு பேர்மிங்காம் சர்வகலாசாலையிலே ஜோன் றண்டல், ஹரி பூட் என்னும் இருவரும் திறம்பட அமைத்தனர். பகைவரின் விமானங்களை இருளிலும் கண்டறியும் றேடாருக்காகவே அது அன்று வேண்டப்பட்டது.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலே அது சமையலறைக்கு வழி கண்டது. அமெரிக்காவின் றேதியோன் நிறுவனத்திலே மக்னெற்றோன் செய்யும் பணியில் இருந்த பேர்சி ஸ்பென்சர், கருவியின் அருகே நின்றபோது தம் சட்டைப் பையிலிருந்த இனிப்புக் கட்டி உருகியிருக்கக் கண்டார் என்பர். ஆரம்பப் பாடசாலைக் கல்வியைக் கூட முடிக்காதவர் அவர். ஆயினும், கண்டதைக் கடந்து செல்லாது காரணத்தைத் தேடினார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் நுண்ணலை அடுப்பு ஓர் ஆளின் உயரமும் 340 கிலோகிராம் நிறையும் உடையதாய் இருந்தது.

அது சூடாக்கும் விதம் இது. நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒட்சிசன் அணு உள்ள பக்கம் சிறிது மறை மின்னேற்றமும், ஐதரசன் அணுக்கள் உள்ள பக்கம் சிறிது நேர் மின்னேற்றமும் உடையன. ஆதலால் அது மின்புலத்திலே, காந்தத்தின் அருகே வைத்த திசையறி ஊசியைப் போலத் திரும்ப முயல்கின்றது. வீட்டு அடுப்பின் நுண்ணலையிலே அந்தப் புலம் செக்கனுக்கு 245 கோடி முறை அலைகின்றது. அதன் தாளத்துக்கு ஏற்பத் திரும்ப முயலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி உராய்கின்றன. அந்த உராய்வே வெப்பம். சட்டியைச் சூடாக்கி, சட்டியினால் உணவைச் சூடாக்கும் பழைய வழி இங்கே இல்லை. பொருளினுள் இருக்கும் நீரே நேராகச் சூடேறுகின்றது.

நுண்ணலை பொருளின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சமைக்கும் என்று பலர் கூறக் கேட்கின்றோம். அது முற்றிலும் உண்மையன்று. ஈரமான பொருளிலே இந்த அலை சில சதமீற்றர் ஆழமே ஊடுருவும். அதற்கு அப்பால் வெப்பம் வழக்கம் போலப் பரவவேண்டியதே. பெரிய தொழிற்சாலைகளிலே பயன்படும் நுண்ணலையின் நீளம் வீட்டு அடுப்பினதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அது கூடுதலான ஆழம் செல்லும்.

சேற்றிலே நிகழ்வன

கழிவுச் சேறு பெரும்பாலும் நீரே என்று மேலே கண்டோம். ஆகவே நுண்ணலைக்கு அது ஏற்ற இரை. இந்த நெருப்புச் சேற்றிலே செய்யும் வேலைகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, கிருமிகளை அழித்தல். அமெரிக்க அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் 1993ஆம் ஆண்டில் விதித்த சட்டத்தின்படி, சேற்றை 70 பாகை செல்சியசு வெப்பநிலையிலே 30 நிமிடம் வைத்திருத்தல் கிருமி நீக்குவதற்கு ஏற்கப்பட்ட வழிகளுள் ஒன்று. அந்த வெப்பநிலையை நுண்ணலை விரைவில் எய்துவிக்கும். வெப்பத்தை விட வேறு ஏதேனும் தனி ஆற்றல் நுண்ணலைக்கு உண்டா என்பது ஆய்வாளரிடையே வாதத்துக்குரிய பொருள். கிருமியைக் கொல்வதிலே பெரும் பங்கு வெப்பத்துடையது என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டாவது, உயிரணுக்களை உடைத்தல். பற்றீரியாக்களின் சுவர் உடைந்தால் அவற்றினுள் இருக்கும் பொருள்கள் வெளியே கரைகின்றன. இவ்வாறு உடைத்த சேற்றைக் காற்றுப் புகாத தொட்டியிலே இட்டால் வேறுவகைப் பற்றீரியாக்கள் அதை எளிதிற் செரித்து, எரிவாயுவாகிய மெதேனைக் கூடுதலாகத் தருகின்றன. கனடாவின் ஒட்டாவா சர்வகலாசாலையினர் இத்துறையிலே பல பரிசோதனைகளை நடத்தியுள்ளனர். அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையினர் நுண்ணலையோடு ஐதரசன் பரவொட்சைட்டையும் சேர்த்துப் பயன்படுத்திச் சேற்றிலே கட்டுண்ட பொசுபரசை நீரிற் கரையச் செய்தனர். கரைந்த பொசுபரசைப் பளிங்காகப் பிரித்தெடுத்தால் அது பசளையாகும்.

மூன்றாவது, உலர்த்துதல். நீர் ஆவியாகிப் போகப்போகச் சேற்றின் பருமனும் நிறையும் குறைகின்றன. ஏற்றிச் செல்லும் லொறிகளின் தொகையும் அதற்கேற்பக் குறையும்.

நான்காவது, கரியாக்குதல். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. நீர் தீர்ந்த பின்னர் எஞ்சும் உலர்ந்த பொருள் நுண்ணலையை நன்றாக உறிஞ்சுவதில்லை. ஆகையால் வெப்பநிலை மேலே ஏறாது நின்றுவிடும். ஸ்பெயின் நாட்டின் ஒவியேதோ நகரிலுள்ள நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தினர் இதற்கு ஒரு வழி கண்டு 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சேற்றைக் கரியாக்கும்போது கிடைக்கும் கரியிலேயே சிறிதை எடுத்துப் புதிய சேற்றோடு கலந்தனர். கரி நுண்ணலையை நன்கு உறிஞ்சுவது. அதனாலே சேறு சில நிமிடங்களில் 900 பாகை வரை சூடேறிச் சிதைந்து, ஐதரசனும் காபனோரொட்சைட்டும் கலந்த எரிவாயுவையும் கரியையும் தந்தது. பழைய மோரைச் சிறிது விட்டுப் புதிய பாலைத் தயிராக்கும் தாய்மாருக்கு இந்த உபாயம் புதிதாகத் தோன்றாது.

முகாமுக்கு ஒரு பொறி

நெதர்லாந்து நாட்டின் டெல்ப்ற் நகரிலே நீர்த்துறைக் கல்விக்கெனச் சர்வதேச நிலையம் ஒன்று உண்டு. அகதி முகாம்களிலும் நெருக்கமான சேரிகளிலும் மலகூடக் குழிகள் விரைவில் நிரம்பிவிடுதலைக் கண்ட அந்நிலையத்தினர், கழிவை அவ்விடத்திலேயே விரைந்து நஞ்சுநீக்கும் பொறியை அமைக்க முயன்றனர். 2016ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மலகூடத்திலிருந்து எடுத்த புதிய சேற்றை நுண்ணலையிலே வைத்தபோது அதன் பருமன் நூற்றுக்கு 70 பங்குக்கு மேலாகக் குறைந்தது. மலத்தால் நேரும் மாசைக் காட்டும் பற்றீரியாவும், பிடிவாதம் மிக்கதென நாம் மேலே கூறிய வட்டப்புழு முட்டையும், பரிசோதனையிலே கண்டறிய இயலாத அளவுக்கு இல்லாதொழிந்தன. கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபியிலே, சேரி மக்கள் பலர் இடைவிடாது பாவிக்கும் மலகூடங்களின் சேற்றையும் அவர்கள் இம்முறைக்கு உட்படுத்தி ஆராய்ந்தனர்.

வெயிலிலே உலர்த்த வாரங்கள் வேண்டும். கூட்டெருவாக்க அதனினும் கூடிய காலம் வேண்டும். நுண்ணலைக்கோ நிமிடங்கள் போதும். நோய் வாயிலிலே நிற்கும்போது இந்த விரைவின் மதிப்பை அளந்து கூறுதல் அரிது.

கணக்கைப் பார்ப்போம்

விரைவுக்கு ஒரு விலை உண்டு. அதனை மாணவர்கள் தம் பௌதிகப் பாடத்தின் துணைகொண்டு தாமே கணித்துப் பார்க்கலாம்.

ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோயூல் சக்தி வேண்டும். ஆகவே 25 பாகையிலுள்ள நீரை 100 பாகைக்கு உயர்த்த 315 கிலோயூல் வேண்டும். கொதிநிலையை அடைந்த அந்நீரை ஆவியாக்க மேலும் 2,257 கிலோயூல் வேண்டும். கூட்டினால் 2,572 கிலோயூல். ஓர் அலகு மின் 3,600 கிலோயூலுக்குச் சமம் ஆதலால், ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 0.71 அலகு மின் செலவாகும். எந்த அடுப்பைப் பாவித்தாலும் இயற்கை விதித்த இந்தக் குறைந்த தொகையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

நன்கு பிழிந்த சேற்றில் ஒரு தொன்னை எடுத்துக்கொள்வோம். அதில் 200 கிலோகிராம் திண்பொருள். 800 கிலோகிராம் நீர். ஐந்தில் நான்கு பங்கு திண்பொருளாகும் வரை அதனை உலர்த்தினால் 250 கிலோகிராம் எஞ்சும். ஆகவே 750 கிலோகிராம் நீரை ஆவியாக்கவேண்டும். அதற்கு 536 அலகுகள் தேவை. மக்னெற்றோன் தான் பெறும் மின் முழுவதையும் நுண்ணலையாக மாற்றுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கை மாற்றுகின்றது என்று வைத்துக்கொண்டால் 804 அலகுகள் ஆகும். மாதம் 80 அலகு பாவிக்கும் ஒரு வீட்டுக்கு இது பத்து மாதங்களுக்குப் போதும்! ஒரு தொன் சேற்றுக்கே இவ்வளவு.

இனி, உலர்த்தாது கிருமிகளை மாத்திரம் கொல்ல எண்ணினால் யாது செலவாகும்? ஒரு தொன் சேற்றை 30 பாகையிலிருந்து 70 பாகைக்கு உயர்த்தினாற் போதும். சேற்றையும் நீராகவே கருதிக் கணித்தால் 1,68,000 கிலோயூல். அதாவது ஏறத்தாழ 47 அலகு. மக்னெற்றோனின் இழப்பையும் சேர்த்தால் 70 அலகு. உலர்த்தும் செலவிலே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொல்வதற்கு ஆகும் விலையும் உலர்த்துவதற்கு ஆகும் விலையும் இத்துணை வேறுபடுதலை மனத்தில் இருத்துதல் வேண்டும். இக்கலை பற்றிய வீண் புகழ்ச்சியும் வீண் இகழ்ச்சியும் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதனாலே எழுபவை.

மற்றொரு கணக்கும் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கே திண்பொருளுள்ள நீர்த்த சேறு 20 தொன்னைப் பிழிந்தால், மேற்கூறிய ஒரு தொன் கிடைக்கும். பிழியாது நேராக நுண்ணலையிலே இட்டு உலர்த்த முயல்வோர் மேலும் 19 தொன் நீரைக் காசு கொடுத்துக் கொதிக்க வைப்பவராவர். ஆகவே அழுத்தி செய்யக்கூடியதை அழுத்தி செய்யட்டும். வெயில் செய்யக்கூடியதை வெயில் செய்யட்டும். எஞ்சியதற்கே நுண்ணலை. வெளியேறும் ஆவியைக் குளிர்வித்து, அதன் வெப்பத்தினாலே அடுத்துவரும் சேற்றை முன்கூட்டிச் சூடாக்கினால் செலவு இன்னும் குறையும்.

நுண்ணலையால் ஆகாதவை

நெருப்புக்கும் எல்லை உண்டு. தொழிற்சாலைகளிலிருந்து சேற்றிலே கலந்த ஈயம், கட்மியம் முதலிய உலோகங்கள் எவ்வளவு சூடாக்கினும் அழிவதில்லை. நீர் போனபின் அவற்றின் செறிவு கூடவே செய்யும். அத்தகைய சேற்றை வயலுக்கு இடுதல் தகாது. உலோகத்தைத் தொழிற்சாலையின் வாயிலிலேயே தடுத்தல் வேண்டும்.

சூடு எங்கும் ஒரு சீராகப் பரவுதலும் இல்லை. வீட்டு அடுப்பிலே சூடாக்கிய சோறு ஓரிடத்திற் கொதித்தும் மற்றோரிடத்திற் குளிர்ந்தும் இருத்தலை யாவரும் அறிவர். சேற்றிலும் அவ்வாறே குளிர்ந்த மூலை ஒன்று இருந்துவிட்டால், அங்கே பிழைத்த கிருமிகள் பின்னர்ப் பெருகிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆகையால் நன்றாகக் கிளறும் அமைப்பும், பல இடங்களிலே வெப்பநிலையை அளக்கும் கருவியும் இன்றியமையாதவை. ஆவியாகிக் குளிர்ந்த நீரிலே அமோனியாவும் நாற்றப் பொருள்களும் கலந்திருத்தலின், அதனையும் மீண்டும் சுத்திகரித்த பின்னரே வெளியே விடலாம்.

நமக்கு இதனால் யாது?

நம் நாட்டிலே நிலக்கீழ்க் கழிவுக் குழாய் பெற்றவர்கள் மிகச் சிறு தொகையினரே. ஏனையோர் வீட்டு வளவிலே குழியமைத்து வாழ்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமோ சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்கிக் கிணற்றை நிரப்புகின்றது. மழைநீருக்கு வழிவிடும் அதே வெடிப்பு, மலகூடக் குழியின் நீருக்கும் வழிவிடும் என்பதை மறத்தல் ஆகாது. ஒரே வளவிலே கிணறும் குழியும் அமைந்த வீடுகள் நெருங்க நெருங்க இந்த இடர் கூடுகின்றது. குழி நிரம்பினால் பௌசரை அழைக்கின்றோம். பௌசர் வாயிலைக் கடந்ததும் நிம்மதி அடைகின்றோம். அது எங்கே போய்க் கொட்டுகின்றது, கொட்டிய இடத்திலிருந்து யாருடைய கிணறு எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை.

ஆண்டின் பெரும் பகுதி நல்ல வெயில் பெறும் நம் நாட்டிலே, நாளாந்தச் சேற்றுக்கு நுண்ணலையை நாடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அடிப்பக்கம் நீர் கசியாதவாறு அமைத்த உலர்த்தும் பாத்திகளும், வெப்பநிலையை அளந்து முறைப்படி செய்யும் கூட்டெருவும் குறைந்த செலவிலே அவ்வேலையைச் செய்யும். ஆனால் மாரிமழை விடாது பெய்யும் காலத்தில் வெயிலை நம்ப முடியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபின் நம் கரையோர மக்கள் முகாம்களிலே தங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சில அடி தோண்டினால் நீர் ஊறும் மணற்றரையிலே நூற்றுக்கணக்கானோருக்கு மலகூடக் குழி வெட்டுதல், அவர்களின் குடிநீரிலேயே கைவைப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய வேளையிலே லொறியில் ஏற்றிச் செல்லத்தக்க ஒரு பொறி, சேற்றை 70 பாகைக்குச் சூடாக்கி நோயை மாத்திரம் கொன்று தருமாயின், அதற்கு ஆகும் 70 அலகு மின் மிகுந்த விலையன்று. மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

ஆகவே நுண்ணலை நல்லதா தீயதா என்று வாதிடுதல் பயனற்றது. காலம் அரிதா, காசு அரிதா, நிலம் அரிதா என்று முதலிலே கேட்கவேண்டும். காலம் அரிதான இடத்திலே இந்த நெருப்பு உயிர் காக்கும். வெயிலும் நிலமும் நிறைந்த இடத்திலே அது ஆடம்பரம்.

பொறியியலையும் விவசாயத்தையும் மருத்துவத்தையும் கற்க விரும்பும் மாணவர்க்கு இத்துறையிலே செய்யவேண்டிய பணி நிரம்ப உண்டு. வெயிலினால் முக்காலும் நுண்ணலையினால் காலும் உலர்த்தும் பொறியை நம் நாட்டுக்கேற்ப அமைப்பவர் யார்? சூரிய ஒளியிலிருந்து மின்னைப் பெற்று அதனை இயக்கிக் காட்டுபவர் யார்? விண்ணை அளக்கும் விஞ்ஞானத்துக்குக் கிடைக்கும் புகழ் இதற்குக் கிடையாமற் போகலாம். ஆனால் மான்செஸ்டர் நகரிலே ஒரு நூற்றாண்டுக்கு முன் போத்தலிலே சேற்றை வைத்துப் பார்த்திருந்த இருவரின் வேலை, இன்று கோடிக்கணக்கான மக்களின் நீரைத் தூய்மை செய்துகொண்டிருக்கின்றது.

பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே. அடுத்தமுறை குழி நிரம்பிப் பௌசர் வரும்போது, அதன் சாரதியிடமோ நகரசபையிலோ பிரதேச சபையிலோ ஒரு கேள்வி கேளுங்கள்: இது எங்கே போகின்றது? அந்தக் கேள்வியைப் பலர் கேட்கத் தொடங்கினால், விடை கூறவேண்டியவர்கள் விடையைத் தேடத் தொடங்குவார்கள்.